அடுத்த பாடல் எது? ரசிகர்களின் ஊகமும் அவர்கள் எழுதிவைத்த கணக்கும்

1989 ஒக்டோபர். அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்திலுள்ள ஹம்ப்டன் நகரில் 8ஆம், 9ஆம் திகதிகளில் இரண்டு ரொக் இசைநிகழ்ச்சிகள் நடக்கவிருப்பதாகச் சில நாட்களுக்கு முன்னர்தான் அறிவிப்பு வந்தது. நுழைவுச்சீட்டுகள் அந்தப் பகுதியில் மட்டும் விற்கப்பட்டன. குழுவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "முன்னாள் வோர்லொக்ஸ்" என்றிருந்தது. விடயம் தெரியாதவர்களுக்கு அது யாரோ ஒரு பழைய குழு. தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கியபோது கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு இருந்த முதற்பெயர் வோர்லொக்ஸ்.

பெயரை மறைத்ததற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. 1987இல் அவர்களின் ஒரு பாடல் வானொலிகளில் பெருவெற்றி பெற்ற பிறகு, நுழைவுச்சீட்டு இல்லாமலே ஆயிரக்கணக்கானோர் அரங்குகளின் வாசலில் குவியத் தொடங்கியிருந்தனர். அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதே நோக்கம். ஆனால் ரசிகர்களின் மனம் வேறு வழியில் ஓடியது. பழைய பெயரில் வருகிறவர்கள் பழைய பாடல்களையும் கொண்டுவருவார்களோ?

கொண்டுவந்தார்கள். முதல் நாள், 1985க்குப் பிறகு மேடையில் கேட்காத 'ஹெல்ப் ஒன் த வே' வந்தது. இரண்டாம் நாள், 1984 ஜூலைக்குப் பிறகு எவரும் கேட்டிராத 'டார்க் ஸ்டார்' வந்தது. அன்றிரவின் இறுதிப் பாடலாக, 1972க்குப் பிறகு பாடப்படாத 'அற்றிக்ஸ் ஒஃப் மை லைஃப்' வந்தது. இந்த இரண்டு இரவுகளின் ஒலிப்பதிவு 2010இல் வெளியானது. 'டார்க் ஸ்டார்' தொடங்கும்போது, பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, கிட்டாரின் முதல் சில சுரங்களிலேயே அரங்கம் அதிர்வதை அதில் கேட்கலாம்.

அந்த நாளில் எனக்கு ஒரு வயதும் ஆகியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், பார்வையாளர்களைப் பற்றிய ஒரு விரிவுரையில்தான் இந்தக் குழுவின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். பாடல்கள் எனக்குப் பிடிபட இன்னும் சில வருடங்கள் எடுத்தன. ஆனால் அந்தச் சில விநாடிச் சத்தம் என்னை விடவில்லை. ஒரு பாட்டு வந்ததற்காக ஒரு கூட்டம் இப்படிச் சத்தமிட வேண்டுமென்றால், அது எத்தனை நாளாக வரவில்லை என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியும் இணையமும் இல்லாத 1989இல் அது எப்படித் தெரிந்தது?

எழுதாத பட்டியல்

பெரும்பாலான பெரிய குழுக்கள் ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஒரு பாடல் பட்டியலைத் தயாரிக்கும். முதல் ஊரில் பாடியதையே கடைசி ஊரிலும் ஏறத்தாழ அதே வரிசையில் பாடும். ஒளியமைப்பு, திரையில் ஓடும் காணொளி, வாத்தியங்களை மாற்றும் நேரம் எல்லாம் அந்த வரிசையை நம்பியே அமைக்கப்படுகின்றன. அதில் தவறு எதுவும் இல்லை. ஒரு ஊருக்கு ஒரு தடவை மட்டும் வரும் குழுவிடம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டைக் கேட்கத்தான் மக்கள் வருகிறார்கள்.

கிரேட்ஃபுல் டெட் அப்படிச் செய்யவில்லை. 1965 முதல் 1995 வரையான 30 வருடங்களில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்திய இந்தக் குழு, அடுத்த பாடலைப் பெரும்பாலும் மேடையில் நின்றபடியேதான் தீர்மானித்தது. கைவசம் நூற்றுக்கணக்கான பாடல்கள் இருந்தன. நேற்றுப் பாடியதை இன்று பாடுவது அரிது. ஒரே பாட்டும் இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி இருக்காது. 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்த 'டார்க் ஸ்டார்', மறுவருடம் வெளியான நேரடி ஒலிப்பதிவில் 23 நிமிடங்களாக விரிந்தது.

எதுவும் தீர்மானிக்கப்படவில்லை என்பதற்காக எல்லாமே குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படியென்றால் ஊகிக்கவும் முடியாது. இந்த நிகழ்ச்சிகளுக்கு எழுதாத ஒழுங்குகள் இருந்தன. முதற்பகுதியில் ஜெரி கார்சியா ஒரு பாட்டுப் பாடினால் அடுத்ததைப் பொப் வியர் பாடுவது வழக்கம். இரண்டாம் பகுதியின் நடுவில் தாள வாத்தியங்களுக்கென ஒரு நீண்ட இடம் உண்டு. அதன்பின் ஒரு மெதுவான பாட்டு வரும். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை இரவைப் பற்றிய வியரின் பாட்டை எதிர்பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பைபிள் கதையான 'சாம்சன் அன்ட் டெலைலா' வரக்கூடும். சில பாடல்கள் சோடியாகவே வரும். ஒன்று வந்தால் மற்றது பின்னால் வருமென்று நம்பலாம்.

ஆகவே ரசிகரின் ஊகத்துக்கு ஒரு தரை இருந்தது. என்ன பாடுவார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கதவு வழியாக வரும் என்று சொல்லலாம்.

கசற்றும் கணக்கும்

இனி, 1989இல் அந்தக் கூட்டத்துக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு வருவோம்.

பதில், ரசிகர்கள் எழுதிவைத்தார்கள் என்பதுதான். 'டெட்ஹெட்ஸ்' எனப்பட்ட இவர்களில் சிலர் ஒலிவாங்கிகளுடன் அரங்குக்கு வந்து நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தனர். வேறு குழுக்களாக இருந்தால் காவலர்கள் கருவியைப் பறித்திருப்பார்கள். இந்தக் குழு கண்டும் காணாமல் விட்டது. 1984இன் பிற்பகுதியில் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கென அரங்கில் தனிப்பகுதியே ஒதுக்கியது. ஒரேயொரு நிபந்தனை: விற்கக்கூடாது. ஆகவே கசற்றுகள் தபாலில் கைமாறின. வெற்றுக் கசற் ஒன்றை அனுப்பினால் நிரப்பிய கசற் ஒன்று திரும்பி வரும். ஒவ்வொரு கசற் உறையிலும் திகதி, ஊர், பாடல் வரிசை எழுதப்பட்டிருக்கும்.

அந்த உறைகளிலும் குறிப்புப் புத்தகங்களிலும் சிதறிக் கிடந்த வரிசைகளை ரசிகர்கள் சிலர் தொகுத்து, 1987இல் 'டெட்பேஸ்' என்ற பெயரில் தடித்த நூலாக்கினார்கள். எந்த நாளில், எந்த ஊரில், எந்தப் பாட்டு, எத்தனையாவது தடவை என்பதெல்லாம் அதில் இருந்தன. பார்ப்பதற்குத் தொலைபேசி விபரக்கொத்துப் போல இருக்கும். அதை வாசித்தவர்கள் கதைப்புத்தகம் போல வாசித்தார்கள்.

இந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் ஊகம் என்று ஒன்று இல்லை. வெறும் ஆசைதான் இருக்கும். "இன்று 'டார்க் ஸ்டார்' பாடினால் நல்லது" என்பது ஆசை. "ஐந்து வருடமாகப் பாடவில்லை, இந்த இலையுதிர் காலத்தில் வேறு பழைய பாட்டுகளும் திரும்பி வந்திருக்கின்றன, இப்போது பழைய பெயரையும் போட்டிருக்கிறார்கள், ஆகவே..." என்பது ஊகம்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இன்றைய ரசிகர்கள் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். அவர்கள் பார்க்கும் முதல் எண், இடைவெளி. ஒரு பாட்டைக் கடைசியாகப் பாடிய பின் எத்தனை நிகழ்ச்சிகள் நடந்துவிட்டன என்பதே அது. நாட்களால் அல்ல, நிகழ்ச்சிகளால் அளப்பதில் காரணம் இருக்கிறது. குழு ஆறு மாதம் வீட்டில் இருந்தால் அந்தப் பாட்டு ஒதுக்கப்பட்டதாக அர்த்தமில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். கடந்த 400 நிகழ்ச்சிகளில் 100இல் ஒரு பாட்டுப் பாடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக நான்கு இரவுக்கு ஒரு தடவை. இப்போது 12 நிகழ்ச்சிகளாக அது வரவில்லை. சீட்டிழுப்பு மாதிரி எழுந்தமானமாகத் தெரிவு செய்திருந்தால் இப்படி ஒரு இடைவெளி விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம்தான். உடனே, "இன்று நிச்சயம் வரும்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. அது உண்மையில் சீட்டிழுப்பாக இருந்தால் 13ஆவது இரவிலும் வாய்ப்பு அதே நான்கில் ஒன்றுதான். சூதாடுபவர்கள் காலங்காலமாக ஏமாறும் இடம் இது.

ஆனால் மேடையில் இருப்பது சீட்டுப் பெட்டி இல்லை, மனிதர்கள். நேற்றுப் பாடியது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நீண்ட நாள் பாடாத பாட்டு அவர்களையும் உறுத்தும். ஆகவே இடைவெளி கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஒரு எல்லை வரைதான். அந்த எல்லையைத் தாண்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும்: இது தாமதமான பாட்டு இல்லை, கைவிடப்பட்ட பாட்டு. 'செயின்ற் ஸ்டீபன்' என்ற பாட்டை கிரேட்ஃபுல் டெட் 1983 ஒக்டோபரில் மூன்று தடவை பாடியது. அதன்பின் 12 வருடங்கள் ரசிகர்கள் ஒவ்வொரு இரவும் காத்திருந்தார்கள். அது திரும்பி வரவேயில்லை. எண் வளர்ந்துகொண்டே போனது. எண் எதையும் வாக்குறுதி அளிக்கவில்லை.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. ஊகம் சுவாரசியமாக இருப்பதும் அதனால்தான்.

பதின்மூன்று இரவுகள், பதின்மூன்று டோனட்கள்

இந்த மரபை இன்று அதிகமாகக் கொண்டாடுவது ஃபிஷ் என்ற குழு. 1983இல் வேர்மொன்ற் மாநிலத்தில் தொடங்கிய இந்த நால்வர் குழுவும் ரசிகர்களை ஒலிப்பதிவு செய்ய அனுமதிக்கிறது. 2017 ஜூலை 21 முதல் ஒகஸ்ட் 6 வரை நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் அவர்கள் 13 இரவுகள் வாசித்தார்கள். பழைய ஆங்கிலேய பேக்கரிகளில் ஒரு டசின் கேட்டால் 13 கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயரையே தொடருக்கு வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு டோனட் சுவை அறிவிக்கப்படும்; முன்னதாக வருகிறவர்களுக்கு அந்த டோனட் இலவசம். அந்தச் சுவையே அன்றைய பாடல்களுக்குத் துப்பு.

ஸ்ட்ரோபெரி நாளில் பீற்றில்ஸ் குழுவின் ஸ்ட்ரோபெரிப் பாட்டு வந்தது. அது எவரும் ஊகிக்கக்கூடியது. 'ரெட் வெல்வெட்' நாளில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டு வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாட்டும் ஞாயிறு காலையைப் பற்றியது. 'பொஸ்டன் கிறீம்' நாளில் ரசிகர்கள் பொஸ்டன் குழுவின் பாட்டா, கிறீம் குழுவின் பாட்டா என்று விவாதித்தார்கள். ஃபிஷ் இரண்டு குழுக்களின் பாடல்களையும் பின்னி ஒரே பாட்டாக்கி வாசித்தது. ஜாம் நிரப்பிய டோனட் நாளில் சில நிமிடச் சிறுபாட்டான 'லோன் போய்' அரைமணிநேரத்துக்கு விரிந்தது.

என் மச்சான் ஒருவர் ரொறன்ரோவில் வசிக்கிறார். சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்துடன் போனவர். வேலைத்தலத்து நண்பர்கள் மூலம் இந்தக் குழுவுக்குள் விழுந்து, இப்போது எழமாட்டேன் என்கிறார். அந்தத் தொடரில் இரண்டு இரவுகளுக்கு மட்டும் பஸ் பிடித்து நியூயோர்க் போனார். ஒன்று மேப்பிள் நாள். மேப்பிள் என்றால் பாணி, பாணி என்றால் இனிப்பு. ஆகவே இனிப்பைப் பற்றிய பாட்டுகள் வருமென்று வரிசையில் நின்றவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். விளக்கு அணைந்ததும் நால்வரும் பாடத் தொடங்கியது கனடாவின் தேசிய கீதத்தை.

"நாங்கள் எல்லாரும் சீனியைத்தான் யோசிச்சனாங்கள் மச்சான். கொடியிலை இருக்கிற இலையை ஒருத்தரும் யோசிக்கேல்லை. அதுவும் கனடாவிலையிருந்து போன நான் யோசிக்கேல்லை!" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

தோற்றுப்போன ஊகத்தை ஒருவர் இவ்வளவு சந்தோசமாகச் சொல்வதை நான் அரசியலிலும் பார்த்ததில்லை, கிரிக்கெட்டிலும் பார்த்ததில்லை. இந்த விளையாட்டில் சரியாகச் சொன்னால் பெருமை. பிழையாகச் சொன்னால் அதைவிட நல்லது. எதிர்பாராத ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பதின்மூன்று இரவுகளில் ஃபிஷ் வாசித்தவை 237 பாடல்கள். ஒன்றுகூட இரண்டாம் தடவை வரவில்லை. இதனால் ஊகத்தின் கணக்கும் இரவுக்கிரவு மாறியது. பாடியவை ஒவ்வொன்றாக நீங்க, மீதி இருக்கும் பாடல்களின் வட்டம் சுருங்கியது. கடைசி இரவில் இன்னும் வராத பெரிய பாடல்கள் எவை என்பது பட்டியல் வைத்திருந்த எவருக்கும் தெரிந்திருந்தது.

பதிவையே பொய்யாக்கிய இரவு

ரசிகர்கள் பதிவுகளைத் தேடித்தான் ஊகிக்கிறார்கள் என்பது குழுவுக்கும் தெரியும். அதைவைத்தே ஃபிஷ் ஒரு தடவை விளையாடியது.

ஹலோவீன் இரவில் வேறொரு குழுவின் முழு இசைத்தொகுப்பையும் வாசிப்பது ஃபிஷ்ஷின் வழக்கம். 1994இல் பீற்றில்ஸின் வெள்ளை அட்டைத் தொகுப்போடு அது தொடங்கியது. எந்தத் தொகுப்பு என்பது ரசிகர்களின் பெரிய ஊகம். 2018 ஒக்டோபர் 31 அன்று லாஸ் வேகாஸில் அரங்குக்குள் நுழைந்தவர்களுக்கு ஒரு கையேடு கொடுக்கப்பட்டது. 'காஸ்வொட் வெக்ஸ்ட்' என்ற ஸ்கன்டினேவியக் குழு 1981இல் வெளியிட்ட அபூர்வமான தொகுப்பை இன்று வாசிக்கப்போகிறோம் என்றது அது. எவரும் கேள்விப்படாத குழு. உடனே எல்லோரும் கைத்தொலைபேசியில் தேடினார்கள். விமர்சனங்கள் கிடைத்தன, பழைய குறிப்புகள் கிடைத்தன. எல்லாம் பொருந்திவந்தன.

அப்படியொரு குழு இருந்ததேயில்லை. இணையத்தில் கிடைத்த குறிப்புகள் அந்த இரவுக்காகவே முன்கூட்டி வைக்கப்பட்டவை. வாசிக்கப்பட்டவை ஃபிஷ்ஷின் சொந்தப் புதுப்பாடல்கள். பெயரிலேயே பகிடி இருந்தது: பின்லாந்து மொழியில் 'காஸ்வொட்' என்றால் முகம், சுவீடிஷ் மொழியில் 'வெக்ஸ்ட்' என்றால் செடி. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒட்டினால் முகங்குப்புற விழுவதைக் குறிக்கும் சொல் வரும்.

ஊடகம் படித்தவன் என்ற வகையில் இந்தக் கதையில் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் பயமும் உண்டு. ஒரு பொய்யை நம்பவைக்க நிறையத் தேவைப்படவில்லை. தேடுகிறவர் தேடும் இடத்தில் இரண்டு மூன்று குறிப்புகளை வைத்தால் போதும். இங்கே அதன் முடிவு பத்துப் புதிய பாட்டுகள். வேறு இடங்களில் அதே வேலை எப்படி முடிகிறது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே பொய் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

பட்டியல் யாருடையது?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பல இரவுகள் தொடர்ந்து போகிறவருக்குத்தான் இந்த விளையாட்டின் முழு ருசி. அதற்குப் பணம் வேண்டும், லீவு வேண்டும். ஒரே ஒரு தடவை வருகிறவர் தனக்குத் தெரிந்த பாட்டைக் கேட்காமலே வீடு திரும்பக்கூடும். பட்டியல் பாடப்படும்போதே இணையத்தில் ஏறிவிடுவதால், ஒரே பட்டியலைப் பாடும் குழுக்களின் ரசிகர்கள் இப்போது எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பெரிய பொப் நிகழ்ச்சிகள் இதற்கு ஒரு நடுவழி கண்டுள்ளன. டெய்லர் ஸ்விஃப்ட் 2023, 2024இல் நடத்திய 149 நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய எல்லாமே திட்டமிட்டவை. இரவுக்கு இரண்டு பாடல்கள் மட்டும் இரகசியம். உலகம் முழுவதும் ஊகித்தது அந்த இரண்டைத்தான்.

இன்னொரு கேள்வி, பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்பது. ரசிகர்களின் கிரேட்ஃபுல் டெட் ஒலிப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் இன்ரநெற் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைத்தன. 2005 நவம்பரில் குழுவின் தரப்பு அவற்றைத் தரவிறக்க முடியாதபடி நிறுத்தியது. ரசிகர்கள் கொதித்தார்கள். குழு உறுப்பினரான ஃபில் லெஷ்ஷும் அந்த முடிவோடு உடன்படவில்லை. சில நாட்களில் சமரசம் வந்தது: ரசிகர்கள் எடுத்த பதிவுகளைத் தரவிறக்கலாம், குழுவின் ஒலிப்பலகையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டும் செய்யலாம். பாட்டு குழுவுடையது. ஆனால் 30 வருடங்களாக யாரும் சம்பளம் கொடுக்காமல் காவி, பிரதிசெய்து, திகதியிட்டுக் காத்தவர்கள் ரசிகர்கள். அந்த உழைப்புக்கும் ஒரு உரிமை உண்டு என்பதைத்தான் அந்தச் சில நாட்கள் காட்டின.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் இந்தப் பாட்டுகளைக் கேட்பதும் அவர்களால்தான். இரவில் ஒரு திகதியைத் தெரிந்து, பட்டியலைப் பார்க்காமல் ஒலிப்பதிவை ஓடவிட்டு, முதற்பாட்டு எதுவென்று எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஒரு திகதியை மட்டும் நான் அப்படிக் கேட்பதில்லை. ஃபில் லெஷ்ஷின் 'அன்புரோக்கன் செயின்' 1974இல் இசைத்தட்டில் வந்த பாட்டு. ரசிகர்கள் 21 வருடங்கள் காத்திருந்தார்கள். 1995 மார்ச்சில் பிலடெல்பியாவில் அது முதன்முதலாக மேடையேறியது. அதே வருடம் ஜூலை 9ஆம் திகதி சிக்காகோவில் ஒரு நிகழ்ச்சி. வழக்கம்போல் ரசிகர்கள் ஒவ்வொரு பாட்டையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியாக லெஷ் பாடிய 'பொக்ஸ் ஒஃப் ரெய்ன்' வந்தது. அதையும் எழுதினார்கள். அடுத்த ஊரில் என்ன வரும் என்று யோசித்தபடி வீடு போயிருப்பார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஒகஸ்ட் 9 அன்று, ஜெரி கார்சியா இறந்துபோனார். குழு அந்தப் பெயரில் மறுபடி மேடையேறவில்லை.

அந்தப் பதிவில் கூட்டம் ஆரவாரிக்கிறது, கைதட்டுகிறது. இன்னும் ஒரு பாட்டு வருமென்று ஊகிக்கிறவர்களின் சத்தம் அது.